மார்சேயில் ஒரு பகல்

என் தங்கத்துக்கு,

நீ ஏன் வரவில்லை என்று கேட்க இதை எழுதவில்லை. வேலை இருந்திருக்கும். குழந்தைக்குச் சளி பிடித்திருக்கும்.

நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து பர் துபாய் வீட்டில் உன் பேச்சை எடுக்க அப்பா விட்டதில்லை. அதனால்தான் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகலாம் என்று நச்சரித்தேன். உன் ஊர் மார்சேயில் கப்பல் ஒரு பகல் நிற்கும். அதை அவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

இன்று காலையில், "முட்டி வலிக்குதுங்க, நீங்க மட்டும் டூர் போயிட்டு வாங்க" என்றேன். பஸ் நம்பர் ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு கிளம்பினார். அதன்பிறகு நான் இறங்கி, உனக்குச் சொல்லியிருந்த துறைமுக வாசலில் நின்றேன்.

கப்பலுக்குத் திரும்பும் நேரத்தில்தான் அவரைப் பார்த்தேன். பஸ்ஸில் ஏறவே இல்லை. நான் நின்ற இடம் நன்றாகத் தெரிகிற ஒரு பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கையில் துபாய் மீனா பஜாரில் வாங்கிய சின்னக் கொலுசு. அளவை யாரைக் கேட்டு வாங்கினாரோ! நான் அவரைப் பார்த்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் டூர் எப்படி இருந்தது என்று பக்கத்துக் குடும்பம் விசாரித்தது. "சர்ச் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன்.

கேபினுக்கு வந்ததும், "காலை நீட்டு" என்று தைலத்தை எடுத்தார். வலிக்கிறது என்று நான் சொன்ன முட்டியை அவர் தொடவே இல்லை. பகலெல்லாம் நின்ற பாதங்களுக்குத்தான் தேய்த்துவிட்டார்.

உன் அம்மா