ஹில்டாவின் வரிசை

அபெரிஸ்ட்வித்,
14 அக்டோபர் 1962

அன்புள்ள முரியல்,

நான் நலம். நீங்களும், நீங்கள் வைத்தியம் பார்க்கும் ஹாலிஃபாக்ஸ் ஊரின் பற்களும் நலம் என்று நம்புகிறேன். இங்கே கடல் நாலு நாளாகக் கரையேறி வந்து நடைபாதையைக் கழுவிக்கொண்டிருக்கிறது. மழைக்கு ஒதுங்குகிறவர்கள் தயவில் என் தியேட்டர் நிறைந்திருக்கிறது. என்ன படம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் நுண்ணோக்கிக்கு நாற்பது மடங்கு வில்லையை வாங்கிவிட்டேன். பழையதுதான், ஆனால் கார்டிஃபில் ஒரு பேராசிரியர் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தது. பித்தளையில் ஒரு கீறல் கிடையாது. ஸ்லைடின் மேல் மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடியின் தடிமனுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள வளையம்கூட இருக்கிறது. டிக்கெட் கொடுக்கும் மிஸஸ் பெவன் சொல்கிறார்: "என்ன சார், புதுசா கல்யாணமானவர் மாதிரி அதையே எடுத்து எடுத்துப் பாக்குறீங்க!"

முதல் வேலையாக அதன் கீழே ஹில்டாவின் ஸ்லைடை வைத்தேன். அவளுடைய கடைசிக் கோடையில் துறைமுகத் தூணிலிருந்து ஒரு பழுப்புப் பாசியைச் சுரண்டி எடுத்து வந்தாளே, அது. சுரண்டியது என் முட்டைக் கரண்டியால். கரண்டி அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. அந்தப் பாசியின் ஒவ்வொரு பொடி உயிரையும் மூடியிருக்கும் கண்ணாடி ஓடுகளை அமிலத்தில் கழுவி ஸ்லைடில் பதித்தவளும் அவள்தான். படகு வடிவ ஓடு, மேலே வரிசை வரிசையாகப் புள்ளிகள். நீங்களும் நானும் எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனால் இப்போது ஒவ்வொரு இரண்டு வரிசைக்கும் நடுவில் இன்னொரு வரிசை தெரிகிறது, முரியல்! மெலிந்த, பொடிப் பொடிப் புள்ளிகள். எந்தப் புத்தகத்திலும் இல்லை. தினமும் மாலையில் பார்க்கிறேன், இடம் மாறாமல் அப்படியே இருக்கிறது. படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் நம் நுண்ணோக்கிக் கழகத்தின் லண்டன் கூட்டத்தில் இதைப் படிக்கப்போகிறேன். புது வகை என்று ஒப்புக்கொண்டால் பெயர் வைக்கும் உரிமை எனக்கு. என்ன பெயர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தங்கை என்னைத் தனியே விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. அவள் பெயர் ஒரு கல்லறைக் கல்லில் மட்டும் இருப்பது எனக்குப் போதவில்லை.

உறுப்பினர்களின் ஸ்லைடுகளோடு வீடு வீடாகப் போகும் கழகத்தின் சுற்றுப்பெட்டி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. ஆறாம் குழியில் அவள் ஸ்லைடை வைத்துத் தபாலில் அனுப்புகிறேன். பட்டியலில் எனக்கு அடுத்த வீடு உங்களுடையது, அதனால் முதலில் பார்க்கப்போவது நீங்கள்தான். பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதுங்கள். கூட்டத்தில் சாட்சியாகப் படிக்கிறேன்.

அன்போடும் கொஞ்சம் கர்வத்தோடும்,
எம்ரிஸ்


ஹாலிஃபாக்ஸ்,
2 நவம்பர் 1962

அன்புள்ள எம்ரிஸ்,

பெட்டி வந்து சேர்ந்தது. ஒன்பதாம் குழியில் இருந்த ஈயின் நாக்கு ஸ்லைடு வழியில் உடைந்துவிட்டது. தபால்காரர் பெட்டியை எறிந்துதான் கொடுக்கிறார். உங்கள் முட்டைக் கரண்டி என்னிடம் இருக்கிறது. ஹில்டா எடுத்து வந்து கொடுத்தாள். நன்றாகத் தேய்த்துக் கழுவி, அதில்தான் தினமும் முட்டை சாப்பிடுகிறேன்.

ஆறாம் குழியை முதலில் என் நாற்பது மடங்கில் பார்த்தேன், பிறகு எண்ணெய் வைத்துப் பார்க்கும் பெரிய வில்லையில் பார்த்தேன். மென்று முழுங்கிப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நடு வரிசை இல்லை, எம்ரிஸ்.

அதோடு விடவில்லை. ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் இருக்கிறதே, அதன் ஒளித்திரையை ஊசித்துளை அளவுக்கு மூடினேன். வந்துவிட்டது உங்கள் வரிசை, நீங்கள் வரைந்தபடியே, அத்தனை அழகாக. திரையைத் திறந்தேன், போய்விட்டது. மூடினேன், வந்தது. நிஜமாக இருக்கும் புள்ளி வெளிச்சம் கூடினால் ஓடிப்போகாது. இது குறுகிய ஒளி செய்கிற குறும்பு.

உங்கள் விளக்கு எனக்குத் தெரியாதா? இடைவேளையில் விளம்பரம் காட்டுகிற பல்பு. அந்த வெளிச்சத்தில் ஒரு கல்யாணமே நடத்தலாம். கண் கூசுகிறது என்று ஒளித்திரையை மூடிக்கொள்கிறீர்கள். அது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இல்லை என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெளிச்சம் அதிகமானால் விளக்குக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறக் கண்ணாடியை வையுங்கள். இவ்வளவு நல்ல வில்லையை வாங்கி, அதன் கண்ணைக் கட்டிவிட்டு என்ன பயன்?

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். அவள் ஸ்லைடை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து, தனிப் பொட்டலத்தில் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். ஓடு கூர்மையாகத் தெரியும்போது மேலே இருக்கும் கண்வில்லையைக் கழற்றிவிட்டு, நுண்ணோக்கியின் வெறும் குழாய்க்குள் பாருங்கள். அடியில் ஒரு வட்டம் தெரியும். அதன் முக்கால் பங்கை வெளிச்சம் நிறைக்கும்வரை திரையைத் திறங்கள். நடுவில் பட்டாணி அளவு மட்டும் வெளிச்சம் இருந்தால், அதில் பார்த்த எதையும் நம்பாதீர்கள்.

அவள் பெயரைப் புத்தகத்தில் பார்க்க எனக்கும் ஆசைதான். இல்லாத ஒன்றின் தலையில் அதை வைக்க வேண்டாம்.

உங்கள் நலம் விரும்பும்,
முரியல்


அபெரிஸ்ட்வித்,
19 நவம்பர் 1962

முரியல்,

கடிதம் கிடைத்தது. ஒரு பேராசிரியரின் வில்லை காட்டுவதைப் பல் வைத்தியர் இல்லை என்கிறார். நல்லது.

குழாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. வாழ்நாளெல்லாம் வெளிச்சத்தைத் திரையில் போட்டுக் காசு வாங்கியவன் நான். எந்த வெளிச்சம் பொய், எந்த வெளிச்சம் மெய் என்று ஒருவர் வந்து எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

ஹில்டா உங்களைப் பற்றி ஒன்று சொல்வாள். "எங்க அக்கா சொர்க்கத்துக்குப் போனாக்கூட, வாசக் கதவுல திருகாணி லூசா இருக்குன்னுதான் மொதல்ல சொல்லுவா." அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதன் தன் மனைவிக்குச் செய்ய நினைத்தது ஒரே ஒரு காரியம். அதிலும் சொத்தை தேடினால் எப்படி?

செயலாளர் டாட்டர்சாலுக்கு எழுதிவிட்டேன். சுற்றுப்பெட்டி இனி என்னிடமிருந்து நேராக ட்ரூரோவில் இருக்கும் உறுப்பினருக்குப் போகும். உங்கள் பெயரைப் பட்டியலின் மறுகோடிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அவரும் மாற்றிவிட்டார்.

எ. ப்ரோபர்ட்


ஹாலிஃபாக்ஸ்,
12 டிசம்பர் 1962

அன்புள்ள எம்ரிஸ்,

நீங்கள் 'முரியல்' என்று வெட்டி எழுதினாலும் நான் 'அன்புள்ள' என்றுதான் எழுதுவேன். எனக்குக் கோபம் வந்தது உண்மை. அன்று வந்த நோயாளி ஒருவர், "டாக்டரம்மா, பல்லத்தான் புடுங்கணும், தாடைய இல்ல" என்று கெஞ்சும்படி ஆகிவிட்டது.

பட்டியல் விஷயம் வலித்தது. நன்றாகவே வலித்தது. ஹில்டா போன பிறகு நமக்குள் என்ன உறவு மிச்சம்? நீங்கள் இங்கே வருவதில்லை, நான் அங்கே வருவதில்லை. அந்தப் பெட்டி வந்தால், அதன் முடிச்சு உங்கள் கை போட்ட முடிச்சாக இருக்கும். சரி, மனிதர் எழுந்து நடமாடுகிறார், விரல்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்வேன். இனி அந்தப் பெட்டி யாரோ ஒருவரிடமிருந்து வரும்.

அதற்காகச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆமாம் என்று இரண்டு வரி எழுதிப் போட்டிருந்தால் உங்கள் முகம் மலர்ந்திருக்கும், பெட்டியும் என் வீட்டுக்கே வந்திருக்கும். ஆனால் லண்டனில் முன்வரிசையில் உட்காரும் கிழவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். "ஒளித்திரை எவ்வளவு திறந்திருந்துச்சு?" என்பதுதான் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி. அன்று நீங்கள் என் தங்கையின் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு, பதில் இல்லாமல் மேடையில் நிற்பீர்கள். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் பெயர் அந்தக் கூடத்தில் கேலியாகக் கூடாது. நீங்களும் ஆகக் கூடாது.

தனிப் பொட்டலத்தில் கிறிஸ்துமஸ் கேக்கும் வென்ஸ்லிடேல் சீஸும் அனுப்பியிருக்கிறேன். எங்கள் ஊர் வழக்கப்படி இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும், வேல்ஸ்காரர்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியாது. கேக்கின் அடியில் காகிதத்தில் சுற்றியிருப்பது சாம்பல் கண்ணாடி. கடித்துவிடாதீர்கள். அப்புறம் என்னிடம்தான் வர வேண்டியிருக்கும்.

மாறாத அன்புடன்,
முரியல்


ஹாலிஃபாக்ஸ்,
30 ஜனவரி 1963

அன்புள்ள எம்ரிஸ்,

பதில் இல்லை. பனியில் தபால் சிக்கியிருக்கும் என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மற்றவர்களின் தபால் எல்லாம் வருகிறது.

இங்கே குழாய்கள் உறைந்து போயிருக்கின்றன. நோயாளிகள் வாய் கொப்பளிக்கப் பனியை உருக்கிக் கொடுக்கிறேன். உங்கள் மாடி அறையில் கணப்பு கிடையாது. குளிர்ந்த வில்லையின் மேல் உங்கள் மூச்சு பட்டால் ஆவி படியும். சட்டை நுனியால் துடைத்துவிடாதீர்கள், கண்ணாடியில் கீறல் விழும். கொஞ்சம் பொறுத்தால் தானாகப் போய்விடும்.

நான் பொறுத்திருக்கிறேன்.

முரியல்


அபெரிஸ்ட்வித்,
22 ஏப்ரல் 1963

அன்புள்ள முரியல்,

உங்கள் கேக் தீர்ந்து வெகுநாளாகிறது. சீஸோடு சேர்த்துத்தான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இதை வெளியே சொல்ல வேண்டாம், ஊரில் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். சாம்பல் கண்ணாடியை நான் பிரிக்கவே இல்லை, மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். உங்கள் ஜனவரிக் கடிதம் வந்த வாரம், மாலையில் ஓடுகளை வரைந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போவதும் வருவதுமாக இருந்தது. லண்டனுக்கான படம் முடிந்தாக வேண்டுமே என்று தியேட்டரிலிருந்து மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டுவந்து, நுண்ணோக்கியின் அடியில் ஒளியைத் திருப்பும் கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன். அந்தச் சுடருக்கு என்ன பலம் இருக்கும்? உள்ளே ஒரே இருட்டு. வேறு வழியில்லாமல் ஒளித்திரையைத் திறந்தேன். கண்ணுக்கு ஓடு தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும்தான் திறந்தேன். உங்களுக்காக இல்லை.

திறக்கத் திறக்க ஓடு தெளிந்துகொண்டே வந்தது. அந்த வில்லை எவ்வளவு நல்ல வில்லை என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது, முரியல். ஒவ்வொரு புள்ளியும் குத்தி வைத்த மாதிரி நின்றது. நடு வரிசை மட்டும் மங்கி, மெலிந்து, இல்லாமல் போயிற்று.

மின்சாரம் வந்ததும் டிராயரிலிருந்து உங்கள் சாம்பல் கண்ணாடியை எடுத்தேன். கண்வில்லையைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பார்த்தேன். மூடிப் பார்த்தேன், திறந்து பார்த்தேன். நீங்கள் எழுதியது எழுதியபடி நடந்தது. அவளை இரண்டாம் தடவை அனுப்பி வைத்தது போல் இருந்தது எனக்கு. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அதை நினைத்துப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அதனால்தான் எழுதவில்லை. ரோஷமும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

நிகழ்ச்சி நிரலில் என் பெயர் அச்சாகிவிட்டது. விலகிக்கொள்ளலாம் என்று டாட்டர்சால் சொன்னார். நான் நுண்ணோக்கியையும் அந்தப் பல்பையும் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன்.

மேடையில் ஒன்றும் படிக்கவில்லை. "வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன். வரிசையாக வந்து பார்த்தார்கள். "அடேங்கப்பா!" என்றார் ஒருவர். "எவ்ளோ தெளிவா இருக்கு!" என்றார் இன்னொருவர். ட்ரூரோக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கியே விட்டார். கடைசியாக வந்தார் கிழவர் கிராப்ட்ரீ. குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மீசையைத் தடவிக்கொண்டார்.

"ப்ரோபர்ட், ஒளித்திரைய எவ்ளோ தெறந்து வச்சிருக்கீங்க?"

"நீங்களே தெறந்து பாத்துக்குங்க சார்."

கிழவர் கையை நீட்டித் திரையைத் திறந்தார். "அட, போச்சே!" என்று அவர் கத்தியதில் கூடமே குலுங்கியது. கையைப் பிடித்துக் குலுக்கிய ட்ரூரோக்காரர் மட்டும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொருவரும் திரும்ப வந்து, அவரவர் கையாலேயே மூடித் திறந்து பார்த்தார்கள். கழகத்தில் பாதிப் பேர் என்னைப் போலத்தான் கண் கூசுகிறது என்று திரையை மூடிக்கொள்கிறவர்கள். எத்தனை பேருக்கு அன்று முகம் வெளுத்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"எப்படிப்பா கண்டுபுடிச்சே?" என்று கிராப்ட்ரீ கேட்டார்.

"என் பொண்டாட்டியோட அக்கா சொன்னாங்க. நான் நம்பல. அப்புறம் கரண்ட்டு போய்த்தான் நம்ப வேண்டியதாச்சு."

அந்தக் கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். கேலியில்லை. நானும் சிரித்தேன். ஹில்டா இருந்திருந்தால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பாள்.

அந்த ஸ்லைடைப் பெட்டியிலேயே நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று கழகம் கேட்டுக்கொண்டது. கழகத்தில் புதிதாகச் சேருகிறவர் யாராக இருந்தாலும், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டுமாம். கொடுத்துவிட்டேன். ஓரத்தில் ஒட்டும் சீட்டை நானே எழுதினேன்: 'ஹில்டாவின் வரிசை. மூடினால் வரும், திறந்தால் போகும்.' புத்தகத்தில் ஏறியிருந்தால் வருஷத்துக்கு ஒருவர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார். இப்போது அவள் வீடு வீடாகப் போகிறாள். ஊர் சுற்றுவது அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பட்டியலைப் பழையபடி மாற்றச் சொன்னேன். டாட்டர்சால் முனகினார், ஆனால் மாற்றிவிட்டார். பெட்டியை நாளைக் காலையில் அனுப்புகிறேன். முடிச்சு நான் போட்டது.

கரண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் ஆறாம் குழியை எடுங்கள். உங்களுக்குப் பிடிக்காதுதான், இருந்தாலும் எனக்காக முதலில் திரையை மூடிப் பாருங்கள். பிறகு திறங்கள். இரண்டுக்கும் நடுவில் அவசரப்பட வேண்டாம். நான் அவசரப்படவில்லை.

அன்புடன், பட்டியலில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரன்,
எம்ரிஸ்