வலது பக்கம் சுடுதண்ணீர்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏழாம் மாதம் முடியப்போகிறது, படிக்கட்டில் பார்த்து இறங்கு. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்வாள். இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது. பிரசவத்துக்கு அவள் அங்கே வர வேண்டும். அது நடக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் குளியலறைக் குழாய்களை மாற்றினோம். உனக்குத்தான் தெரியுமே, தொட்டியில் தண்ணீர் நூலாக வரும், ஷவரோ இரண்டு தும்மல் போட்டுவிட்டு நின்றுவிடும். பிளம்பர் சுவரை உடைத்துப் பார்த்தால் இரும்புக் குழாய்க்குள் ஒரே துரு, சுண்டுவிரல் நுழையவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒற்றைக் கைப்பிடி வைத்த புதுக் குழாய் போடச் சொன்னேன். நம் வீட்டில் வலது பக்கம் சுடுதண்ணீர், இடது பக்கம் பச்சைத் தண்ணீர் என்று முதலிலிருந்தே தலைகீழாக இருந்ததல்லவா? "ஊரெல்லாம் இடது பக்கம்தான் சார் சுடுதண்ணி. இத்தனை வருஷம் எப்படி வெந்துபோகாம குளிச்சீங்க?" என்று பிளம்பர் சிரித்தார். பழையபடியே விடட்டுமா, சரியாக மாற்றட்டுமா என்றும் கேட்டார். புத்திகெட்டவன் நான், சரியாகவே மாற்றுங்கள் என்றேன்.

கைப்பிடியின் இருபுறமும் சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி. அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "தெரியுது, தெரியுது. நான் என்ன குருடியா?" என்று என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் அலறல் கேட்டது. பச்சைத் தண்ணீர் என்று நினைத்து இடது பக்கம் திருப்பியிருக்கிறாள். பாதம் முழுக்கக் கொப்புளம்.

பதறிய வேகத்தில், "புள்ளி வெச்சிருக்கே, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று திட்டிவிட்டேன். அதைச் சொன்ன வாயில் இப்போதும் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் அழவில்லை. குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், "புள்ளி தெரியலைங்க. நேரா பார்த்தா உங்க மூஞ்சியே தெரியலை. ஓரமா பார்த்தாத்தான் நீங்கன்னு தெரியுது" என்று.

எட்டு மாதமாக மறைத்திருக்கிறாள். போனில் நீ ஏதாவது எழுதி அனுப்பினால், "நீங்க படிச்சுக் கேட்டாத்தான் நல்லாயிருக்கு" என்று என்னிடம் நீட்டுவாள். இந்த வயதில் என் குரல்மேல் ஆசை வந்துவிட்டதாக்கும் என்று பூரித்துப்போனேன், மடையன். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, போனது போனதுதான், ஊசி போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்கிறார் கண் டாக்டர். முதல் ஊசி போட்டாயிற்று. கால் புண்ணும் ஆறிவருகிறது.

பிளம்பரை மறுபடி கூப்பிட்டுப் பழையபடி தலைகீழாகவே மாற்றச் சொன்னேன். "சரியா இருக்கறத எதுக்கு சார் தப்பாக்கணும்?" என்றார். காரணத்தைச் சொன்னதும் வேலையை முடித்து, சூடு ஓர் அளவுக்கு மேல் ஏறாதபடி உள்ளே ஒரு தடுப்பும் வைத்துவிட்டுப் போனார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். தெரிந்தால் அவளை வரவேண்டாம் என்று நீ சொல்லிவிடுவாய் என்று பயம். பிள்ளையை நான்தான் குளிப்பாட்டுவேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். நேற்று மதியம் எட்டிப் பார்த்தேன். தலையணையை மார்போடு அணைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நொண்டி நொண்டி அறைக்கும் கூடத்துக்கும் நடந்து பழகிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட எதிலும் இடிக்கவில்லை. நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன்.

சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். உன் பிள்ளை, நீ தெரிந்துகொண்டுதான் கொடுக்க வேண்டும். பயப்படாதே என்று சொல்ல மாட்டேன், எனக்கே பயமாக இருக்கிறது.

தாயும் சேயுமாக நீ நன்றாயிருக்க வேண்டும். நானும் அவளோடு வருகிறேன். தண்ணீரை நான் ஊற்றுகிறேன், சூட்டை என் முழங்கையை விட்டுப் பார்க்கிறேன், குளிப்பாட்டி முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகர மாட்டேன். பிள்ளையை மட்டும் அவள் கையில் கொடும்மா.

இப்படிக்கு,
உன்னை நம்பி எழுதும் அப்பா