என் பையனை விமானத்தில் ஏற்ற வேண்டாம்

ஆக்ரா
12.4.1999

அன்புள்ள அம்மாவுக்கு, மோகன் வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள் செய்தது நியாயமாங்கம்மா? எங்கள் கர்னலுக்கே கடுதாசி போட்டு, கூடவே ரயிலில் ஒரு மூட்டை தேங்காயும் அனுப்பியிருக்கிறீர்கள். அவர், தமிழ் தெரிந்தவன் என்று என் சிப்பாய் அந்தியூர்க்காரன் பங்காருவைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லிவிட்டார். 'ஒத்தைக்கு ஒரு பையனுங்க. பாராசூட்டு விரியாட்டி நான் என்ன பண்ணட்டும்? அவனை விமானத்துல ஏத்தாம கீழயே நிறுத்திப்போடுங்க.' பங்காரு இதை இந்தியிலும் சொல்ல, ஒரே சிரிப்பு. கேப்டன் என்று எனக்கிருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

நான்தான் முதலில் குதிக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் என் முதுகைப் பார்த்துத்தான் குதிக்கிறார்கள். இனி இப்படி எழுதாதீர்கள்.

மோகன்குமார்


கிணத்துக்கடவு
21.4.1999

கண்ணு மோகனுக்கு அம்மா ஆசீர்வாதம்.

எழுதினது எழுதினதுதான். பெத்தவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? தென்னை ஏறுகிறவன்கூடக் காலுக்குத் தளை போட்டுக்கொள்கிறான். நீ ஆகாசத்திலிருந்து குதிக்கிறாய். கோவிச்சுக்காதே. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு அனுப்பியிருக்கிறேன். என் கடுதாசியைத் தப்பில்லாமல் படித்தானே, அந்தப் பங்காருவுக்கும் கொடு.

அம்மா நாச்சியம்மாள்


முகாம்
2.6.1999

அம்மாவுக்கு,

உங்கள் வேண்டுதல் பலித்துவிட்டது. விமானமும் இல்லை, பாராசூட்டும் இல்லை. கார்கில் பக்கம் வந்திருக்கிறோம், நடந்தே மலை ஏறுகிறோம். 'கால் தரையிலதான் இருக்குதுன்னு அம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க சார்' என்கிறான் பங்காரு. கச்சாயம் அவனால்தான் தீர்ந்தது.

மோகன்


கிணத்துக்கடவு
11.6.1999

கண்ணு,

மாகாளியம்மன் கண் திறந்துவிட்டாள். பொங்கல் வைத்துவிட்டு வந்தேன். டிவியில் மலையைக் காட்டினார்கள். அடேயப்பா, அவ்வளவு உசரமா! ஸ்வெட்டரைக் கழற்றாதே. நடந்து போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது.

அம்மா


கிணத்துக்கடவு
19.7.1999

கண்ணு,

பேப்பரில் பங்காரு படம் பார்த்தேன். நேற்று அந்தியூர் போய்த் துக்கம் கேட்டு வந்தேன். அவன் அம்மா வெங்கடம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'உங்க பையனும் அங்கதானுங்களே? அவரு நல்லாயிருக்காருங்களா?' என்றாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. நான்தான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உன்னைக் கீழே நிறுத்தச் சொல்லி நான் எழுதியதை அவள் பிள்ளைதானே படித்தான்! என் பேச்சைக் கேட்டு, உன்னை நிறுத்திவிட்டு அவனை மேலே அனுப்பினாரா கர்னல்? உள்ளதைச் சொல். அப்படியென்றால் அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

அம்மா


முகாம்
29.7.1999

அம்மாவுக்கு,

கர்னலுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் அன்றே என்னிடம் கொடுத்துவிட்டார். 'இங்கே எல்லோருக்கும் அம்மா உண்டு' என்றார், அவ்வளவுதான். என்னை யாரும் நிறுத்தவில்லை. நான்தான் முன்னால் ஏறினேன், எனக்கு அடுத்து பங்காரு. குண்டு என் தோளை உரசிக்கொண்டு போய் அவன் மார்பில் பட்டது. அவனை உயிரோடு கீழே கொண்டுவர முடியவில்லை. என் மடியில்தான் உயிர் போயிற்று. உங்களிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன்.

மோகன்


கிணத்துக்கடவு
7.8.1999

கண்ணு,

உன்னை யாரும் நிறுத்தவில்லை என்று படித்ததும் 'அப்பாடா' என்றேன். குண்டு உன் தோளை உரசியது என்று எழுதியிருக்கிறாய், பெத்தவள் அப்பாடா என்கிறேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா? அப்புறம்தான் ஓவென்று அழுதேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்தியூர் போனேன். நான் கர்னலுக்கு எழுதியதையும் மறைக்காமல் சொன்னேன். 'எனக்கு எழுதத் தெரிஞ்சிருந்தா நானும் எழுதியிருப்பனுங்க' என்றாள் வெங்கடம்மாள். மடியில் உயிர் போனது என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்: 'உங்க பையன் வந்தா ஒருக்கா காட்டுங்க. அந்த மடியைத் தொட்டுப் பாத்துக்கறனுங்க.'

லீவு கிடைத்ததும் நேரே அந்தியூருக்குப் போ, கண்ணு. நம்ம ஊட்டுக்கு அப்புறம் வா.

அம்மா