கூப்பிட்டால் திரும்புகிறானா

கார்த்திகை 3, செவ்வாய்

மழை. பேரன் கதிரின் கால்சட்டை நான்கும் ஈரம். இன்றோடு அவனுக்கு ஒரு வயது ஒன்பது மாதம்.

செய்வது: ஓடுகிறான். நாற்காலியில் ஏறுகிறான். தானே எடுத்துச் சாப்பிடுகிறான், பாதி தரையில். நேற்று முதல் சட்டையைக் கழற்றுகிறான்.

பேசுவது:

ஒன்றும் எழுதவில்லை.

தண்ணீர் பிடிக்கும்போது கீழ் வீட்டு மேரி. "இன்னாக்கா, பேரன் இன்னும் வாயத் தொறக்கல?"

"ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும். எங்க சங்கரே மூணு வயசுலதான் பேசினான்."

பொய். என் மகன் சங்கர் ஒரு வயதிலேயே 'ம்மா' சொன்னவன்.

"தீபாவளிக்கு வாசல்ல சரவெடி வெச்சாங்க, நல்லாத் தூங்கிக்கினு கீறான். தெகிரியசாலிதான்!"

"சிங்கக்குட்டியாச்சே" என்றேன். பாதிக் குடத்தோடு மேலே ஏறிவிட்டேன்.

4, புதன்

விட்டு விட்டுத் தூறல். மருமகள் ரேவதி தி.நகர் ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பியதும் பார்த்துவிடுவோம் என்று துணிந்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு எவர்சில்வர் தட்டுகளை மோதினேன். கீழிருந்து மேரி, "இன்னாக்கா சத்தம்?" என்று கத்தினாள். இவன் பொம்மை லாரியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

மூன்று தடவை.

முன்னால் போய் உட்கார்ந்து கண் சிமிட்டினேன். உடனே சிரிப்பு.

மதியம் தயிர்சாதம்.

6, வெள்ளி

யாரிடமும் சொல்லாதது. எழுதியாவது வைக்கிறேன்.

ஒரு வயது முடிந்ததும் அடையாறில் டாக்டரம்மாவிடம் போனோம். பிள்ளை ரேவதி மடியில். எதிரே நான். டாக்டரம்மா பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். அசையவில்லை. எனக்கு மானம் போவது போல இருந்தது. அவர் நின்ற பக்கம் கண்ணைக் காட்டினேன். வீட்டில் நாங்கள் ஆடும் ஆட்டம்தான், நான் பார்க்கும் பக்கம் அவனும் பார்ப்பான். திரும்பினான். டாக்டரம்மா டிக் போட்டார். அப்புறம் கிலுகிலுப்பை. மறுபடி கண். மறுபடி டிக்.

பரீட்சை என்றுதான் நினைத்தேன். அஞ்சாவதில் பெயிலாகிப் பள்ளிக்கூடம் நின்றவள் நான். என் வீட்டுப் பிள்ளை பெயிலாகலாமா? திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடம்கூட "எல்லாத்துலயும் பாஸ்" என்று பீற்றிக்கொண்டேன்.

வீட்டிலும் அதுவே பழக்கம். ரேவதி கூப்பிடுவாள், நான் கண் காட்டுவேன், அவன் திரும்புவான். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்பது மாதம் இப்படியே.

சாயங்காலம் வந்ததும் ரேவதி சொன்னாள். "திங்கக்கிழமை டாக்டர்ட்ட போறோம் அத்தை. பேச்சுதான் வரல. காது நல்லாத்தானே கேக்குது? நாள் பூரா கூட இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.

"தெரியும்மா."

அடுத்த உருண்டையை அவன் வாயில் வைத்தேன்.

8, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. மீன் குழம்பு.

இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். ரேவதி அவனைக் குளிப்பாட்டினாள். முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே, "அம்மா சொல்லு. அம்மா. எங்கே, அம்மா சொல்லு." முதுகைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள்.

துண்டை நீட்டிவிட்டு வந்துவிட்டேன்.

9, திங்கள்

காலையிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா பழைய தாளைப் புரட்டினார். "போன தடவை காது சரியாத்தான் இருந்திருக்கு. பேச்சுப் பயிற்சி கொடுத்து ஆறு மாசம் பாக்கலாம்." ரேவதி முகம் தெளிந்தது. "எதுக்கும் ஒருதரம் கூப்பிட்டுப் பாத்துடறேன்."

எழுந்து பின்னால் போனார்.

ரேவதி மடியிலிருந்து கதிர் என் முகத்தையே பார்த்தான். எந்தப் பக்கம் என்று கேட்பது போல.

முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"கதிர்." கொஞ்சம் விட்டு, "கதிர்!" அப்புறம் கைதட்டல். கிலுகிலுப்பை. பெரிதாக, இன்னும் பெரிதாக.

"அத்தை, என்ன பண்றீங்க? அத்தை!"

மடியிலிருந்து இறங்கி ஓடிவரும் சத்தம் மட்டும். சின்னக் கை முந்தானையைப் பிடித்து இழுத்தது. ஒளிந்து விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். கெக்கெக்கென்று சிரிக்கிறான்.

நான் முந்தானையை விடவில்லை.