விருந்தாளியிடம் சொல்லாதது

அன்பு மகள் மூதாவுக்கு அம்மா எழுதுவது. இந்த மழைக்கும் கூரை ஒழுகுகிறது, ஆனாலும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அந்தப் பனி ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

போன மாதம் நம் அகதி முகாமில் மனக்காயத்தை அளக்க வந்தார்கள். அரிசி அளப்பதுபோல் இதையும் அளப்பார்களாம். காயம் அதிகம் உள்ளவர்களுக்கு மருத்துவரும் மருந்தும் உண்டு என்றதால் உன் அப்பாவை முதல் ஆளாக உட்கார வைத்தேன். ராணுவ ஹெலிகாப்டரோ என்று, சத்தம் கேட்டால் இன்னமும் மூங்கில் கால்மேல் நிற்கிற வீட்டுக்கு அடியில் பன்றிகளோடு போய்ப் பதுங்குகிற மனிதர். வந்தவள் நம் கரேன் இனப் பெண்தான், நகரத்தில் படித்தவள், மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தாள். கெட்ட கனவு வருகிறதா, திடுக்கிட்டு விழிக்கிறீர்களா, கொஞ்சமும் இல்லையா, மிக அதிகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவர் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் கொஞ்சமும் இல்லை என்றார். "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன். நீ மொதல்ல சாப்புடு." அடுப்படியிலிருந்து நான்தான் கத்தினேன், ராணுவத்துக்குத் தப்பி ஆற்றைக் கடந்த அன்றே இவர் உயிர் கரையில் நின்றுவிட்டது, நம் வழக்கப்படி வீட்டு ஏணிப்படியைத் தட்டித் தட்டி அதைக் கூப்பிட்டும் உடம்புக்குத் திரும்பவில்லை என்று. பதிலை அவரே சொல்ல வேண்டுமாம்.

இப்போது முடிவு வந்துவிட்டது. உன் அப்பா நலமாம். ஆஸ்பத்திரியில் கொடுத்துவந்த தூக்க மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். விடிய விடிய வாசலில் வெட்டுக்கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார். ஏன் அப்படிப் பதில் சொன்னீர்கள் என்று இவரோடு சண்டை போட்டேன். "நனஞ்சு வந்த புள்ளைக்குச் சோறு போடுவேனா, ஆத்துல போன நம்ம பையனப் பத்திப் பேசுவேனா?" என்கிறார். வீட்டுக்கு வந்தவர் முன் துக்கத்தைக் கொட்டக்கூடாது என்று வளர்ந்தவர், என்ன செய்ய. ஆனால் நம் மரியாதையை அல்லவா ஆரோக்கியம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வருடம் மறுபடி அளப்பார்களாம், அதுவரை இவர் எப்படித் தூங்குவது?

இதோடு வெள்ளை நூல் வைத்திருக்கிறேன். அங்கே நம் பெரியவர்கள் யாராவது இருந்தால் உன் உயிரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மணிக்கட்டில் கட்டச் சொல், மறந்துவிடாதே. கடவுள் உன்னைக் காக்கட்டும். இன்னும் ஒன்று. போனில் தூக்கம் வருகிறதா என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லம்மா, நீ சாப்டியா என்றாய். ஆற்றில் தம்பியின் கையைப் பிடித்திருந்தவள் நீதானே. நான் என்ன உனக்கு விருந்தாளியா, மகளே?

உன் அம்மா,
நா பௌ கே