நாலு கம்பி, ஒரு தவலை

ஜூலை 15, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. ஆடிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கிறது, அதற்குள் இந்த ஆட்டம். கால்நடை மருந்தகத்துக் கூரைத் தகடு ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டே. மூன்று மாடு, ஒரு ஆடு, கழுத்தில் புண்ணோடு ஒரு நாய். நாய்க்கு இங்கே மருந்தில்லை என்றால் கேட்கவா போகிறார்கள்.

திருப்பத்தூரிலிருந்து மாஸ்டர் கடிதம். அவருடைய மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் கிடார். வருகிற வெள்ளி இங்கேயே, மலை மேலேயே கச்சேரி. அம்மன் பண்டிகை, புளி மண்டிக்காரர் உபயம். நாலு மணிக்கு ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடிக்க வேண்டுமாம். கடிதத்தில் கடைசியாக ஒரு வரி: "கம்பி செத்துப்போச்சு தம்பி, போன கச்சேரியில் கோணிப்பையைத் தட்டுகிற மாதிரி இருந்தது, மெட்ராஸ் போய் நீயே பார்த்து எடுத்து வந்துவிடு, அதெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

எனக்குத்தான் தெரியும்! எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மெட்ராஸில் ஒருவரிடம் மூன்று வருஷம் கற்றேன் என்று சொல்லித்தான் குழுவில் சேர்ந்தேன். மேடைக்குக் கீழே நின்று அடுத்தவன் விரலைப் பார்த்துக் கற்ற வித்தை. கம்பி மாற்றியதே கிடையாது. கிடார் என் கைக்கு வந்தபோதே இந்தக் கம்பி பழசு.

நாளை வாங்க: கம்பி 1 செட். பனியன் 2. ஸ்டவ் திரி. தலைவலித் தைலம்.

ஜூலை 16, சனி

மெட்ராஸ். வெயில், வியர்வை. மலைக்காற்றில் இருந்துவிட்டு இங்கே வந்தால் அவித்த கடலை கதிதான்.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடை. கண்ணாடிக்குள் கிடார்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கடைக்காரர் ரெண்டு பொட்டலம் எடுத்துப் போட்டார். ஒன்று மேலே சொரசொரவென்று சுற்றினது, சத்தம் பளிச்சென்று வருமாம். இன்னொன்று வழவழவென்று இழைத்தது, சத்தம் அடக்கமாக, உருண்டையாக வருமாம். எது வேண்டும் என்றார். சொரசொரப்பு என்றேன். அதுவரை சரி. அடுத்து, "லாங் ஸ்கேலா, ஷார்ட் ஸ்கேலா?" என்றார்.

ஸ்கேல் என்றால் எனக்குத் தெரிந்தது ஸரிகமபதநி. இல்லாவிட்டால் பள்ளிக்கூட அடிக்கோல். அதில் லாங் எது, ஷார்ட் எது? "எனக்குத் தெரியாதுங்க" என்று ஒரு வார்த்தை. வாயில் வரவில்லை. பக்கத்தில் ஜீன்ஸ் போட்ட ஒருவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டுவிட்டு ஷார்ட் வாங்கிப் போனார். நானும் ஷார்ட் என்றேன். அதோடு விட்டேனா? "நான் எப்பவுமே ஷார்ட்தான் போடறது" என்று வேறு சேர்த்துச் சொன்னேன்.

தைலம் மறந்துவிட்டது. இப்போது தலைவலி.

ஜூலை 17, ஞாயிறு

காலை முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். மேலே வர வர மஞ்சு. ஆடி முதல் தேதி, வாசலெல்லாம் சாணி தெளித்துப் பளிச்சென்று.

பழைய கம்பியைக் கழற்றிப் புதுசைப் போட்டேன். எட்டவில்லை. எங்கள் கிடாருக்குக் கழுத்து நீளம், கம்பி குட்டை. கடைக்காரர் ஸ்கேல் என்று கேட்டது இந்த நீளத்தைத்தான். தடியான இ கம்பி முறுக்குக் கட்டைக்கு ரெண்டு விரற்கடை முன்னாலேயே மெலிந்துவிடுகிறது. ஏ கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்றப் போய் 'டங்'கென்று அறுந்து கன்னத்தில் கோடு போட்டது. கேட்டது நான், பட்டது நான்.

இனி மெட்ராஸ் போக நேரமில்லை. போனாலும் எந்த முகத்தோடு அந்தக் கடையில் நிற்பது.

எங்கள் குழு டிரம்ஸ்காரர் ஒருமுறை சொன்னது நினைவு வந்தது: பழைய கம்பியைச் சோடா உப்புப் போட்டு வெந்நீரில் கொதிக்க வைத்தால் அழுக்கு போய், பத்து நாளைக்குப் புதுசு போலப் பேசும். ஊசி கொதிக்க வைக்கிற பெட்டி சோப்புப் பெட்டி அளவு. என்னிடம் இருக்கிற வேறு பாத்திரம் ஒரு டீ சட்டிதான், அதிலும் கம்பி அடங்காது. சாப்பாடு ஓட்டலில். வீட்டுக்காரர்கள் யாருமில்லை, எல்லோரும் சாமைக்காட்டில் களை எடுக்கப் போயிருந்தார்கள். அவர்கள் வீட்டு அட்டத்துப் பரணில் ஒரு பித்தளைத் தவலை கவிழ்ந்து சும்மா கிடந்தது. எடுத்து வந்து, கல் கூட்டி விறகு மூட்டிக் காரியத்தை முடித்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பழையபடி வைத்துவிட்டேன்.

நாலு கம்பியிலிருந்தும் இறங்கின அழுக்கு, அப்பப்பா. தண்ணீர் கருகருவென்று. ஆனால் கம்பி நன்றாகப் பேசுகிறது.

ஜூலை 18, திங்கள்

தூறல். சினை ஊசி நாலு மாட்டுக்கு.

சாயங்காலம் திரும்பும்போதே வீட்டில் சத்தம். என் அறை வெள்ளையன் வீட்டோடு ஒட்டினது, சுவர் ஒன்று, கதவு வேறு. வெள்ளையன், அவர் சம்சாரம் காசியம்மா, மகன் கோவிந்தன், மருமகள் சின்னப்பொண்ணு. பண்டிகையில் அம்மனுக்கு முதல் பொங்கல் இந்த வீட்டுத் தவலையில்தான் வைப்பார்களாம், வழிவழியாக. வருஷம் முழுக்க அதை யாரும் தொடுவதில்லை. இன்றைக்குத் துலக்க இறக்கியிருக்கிறார் காசியம்மா. பூசின மஞ்சள் இல்லை. கழுத்தில் கட்டின நூல் இல்லை. அடியில் புதுக் கரி.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என் அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். விளக்குக்கூட ஏற்றவில்லை.

ஜூலை 19, செவ்வாய்

பழி சின்னப்பொண்ணு மேல் விழுந்துவிட்டது.

மாசத்தில் தள்ளி இருக்கிற நாளாம் அவளுக்கு. சனிக்கிழமையிலிருந்து பின்பக்கக் கொட்டாயில். ஞாயிறன்று எல்லோரும் காட்டில் இருக்க இவள் ஒருத்திதான் இங்கே. மேலுக்கு ஊற்றிக்கொள்ள வெந்நீர் வைக்கத் தவலையை எடுத்திருக்கிறாள் என்று காசியம்மா. தீட்டோடு தொட்டிருக்கிறாள். நான் தொடவில்லை என்று ஒரே ஒருமுறை சொன்னாளாம், அப்புறம் வாயைத் திறக்கவில்லை. அதுவே குற்றத்துக்குச் சாட்சி என்கிறார்கள் கிணற்றடியில். ஊர்க்கவுண்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த வருஷம் முதல் பொங்கல் இந்த வீட்டில் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். பண்டிகை முடிந்ததும் இவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறார்களாம். "ஆத்தா வூட்லயே கெடக்கட்டும்." காசியம்மா குரல், சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

கொட்டாய் இருப்பது தெரியும். அதில் ஆள் இருப்பது தெரியாது. சத்தியமாக.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதைப் படித்தேன். "சும்மா கிடந்தது." பொய். மஞ்சள் பூசியிருந்ததைப் பார்த்தேன். நூலைப் பார்த்தேன். சாமிக்கு வைத்தது என்று புத்திக்குத் தெரிந்தது. கை நிற்கவில்லை, வெள்ளிக்கிழமை மாஸ்டர் முன்னால் நிற்க வேண்டுமே என்ற ஒரே நினைப்பு. நூலை நான்தான் அவிழ்த்தேன். அடுப்பில் போட்டேன். யாரும் படிக்காத நோட்டு, இதில்கூட எனக்குப் பொய் எழுத வருகிறது. தூ.

ஜூலை 20, புதன்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

கண்டக்டர் கையில் மாஸ்டர் சீட்டு கொடுத்தனுப்பியிருந்தார். கம்பி வந்ததா, எப்படி? அதே சீட்டின் பின்பக்கம் பதில்: "புது கம்பி பிரமாதம் மாஸ்டர்."

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு. வெள்ளையன் தானாகவே மருந்தகத்துக்கு வந்தார், வெள்ளாட்டுக்குக் கழிச்சல் என்று. இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தேன். ஆட்டுக்குத் தழை குறைக்கச் சொன்னேன். கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். மருந்துத்தூள் மடித்துக் கொடுத்தேன். ரெண்டாம் தரம் வாயைத் திறந்தேன், அதே தழையை இன்னொரு தரம் சொன்னேன்.

போகும்போது அவர் சொன்னது: "வூட்ல சோறு எறங்கல டாக்டரே. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். இன்னா செய்ய, சாமி காரியமாப் போச்சு." நான் டாக்டர் இல்லை, உதவியாளர். அதையும் ரெண்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

ஏன் சொல்ல முடியவில்லை? தவலைக்கு ஏதாவது பரிகாரம் சொல்வார்கள், செய்துவிடலாம். அடிக்க மாட்டார்கள். கடைக்காரரிடம் தெரியாது என்று சொல்லாத அதே வாய்தான் இது. கம்பி தப்பு என்று தொடங்கினால்தானே தவலை வரும். என் வித்தை பொய் என்பது முதலில் வெளியே வர வேண்டும். அதற்காக ஒரு பெண்ணைக் கொட்டாயில் உட்கார வைத்துப் பேச்சு வாங்க விட்டிருக்கிறேன். எழுதும்போதே முகம் எரிகிறது.

ஜூலை 21, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் வேலைக்குப் போவதற்கு முன். நாலு பேரும் வாசலில். சின்னப்பொண்ணு இன்றுதான் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்திருந்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். எட்டாத புதுக் கம்பி, அறுந்த கம்பி எல்லாவற்றையும் கையில் எடுத்துப் போனேன், சொன்னால் நம்ப வேண்டுமே. மெட்ராஸ் கடையில் தொடங்கி நூலை அடுப்பில் போட்டது வரைக்கும் எல்லாம் சொன்னேன். காசியம்மா கம்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுக்கா, என்பது போல.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். பேசியது கோவிந்தன். சத்தம் உயர்த்தவில்லை.

"அன்னிக்கு வூட்ல யாரு சார் இருந்தா?"

யாருமில்லை என்றேன்.

"இவ இருந்தாளே. இவ ஒண்டியா இருக்கசொல்ல வூட்டுக்குள்ள வந்துட்டு, நாலு நாளா மூடிவெச்சு இன்னிக்கு வந்து சொல்றீங்க. இன்னா சார் இது?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நாலு நாளில் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. என்னைப் பற்றி மட்டும்தானே நினைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் அது தவலை விஷயம். நாலு நாள் கழித்து அது வேறு விஷயம் ஆகிவிட்டது. ஏதோ சொல்லப் பார்த்தேன், திக்கியது. திக்கினால் இன்னும் மோசமாகத் தெரிகிறது.

சின்னப்பொண்ணு வாளியைக் கீழே வைத்தாள்.

"அவரு வந்தாரு, தவலைய எட்த்துனு போனாரு. கொஞ்ச நேரங்கழிச்சு வெச்சிட்டுப் போனாரு. நான் கொட்டாய்ல இருந்து பாத்துனுதான் இருந்தேன். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல."

"பாத்தவ ஏன்டி சொல்லல?" என்றார் காசியம்மா. "மூணு நாளா இன்னா பேச்சு பேசினேன் உன்ன."

"சொல்லியிருந்தா, உங்க புள்ள இப்ப கேட்டாரே, அதத்தான் மொதல்ல கேட்டிருப்பீங்க."

கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுப் பக்கம் போனாள். என்னைப் பார்க்கவில்லை, பார்க்காததே நல்லது.

மருந்தகத்தில் ஊசி உடைத்தேன், ரெண்டு.

ஜூலை 22, வெள்ளி

வெயில். நல்ல நாள், பண்டிகைக்கு.

சின்னப்பொண்ணு காலை முதல் பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். யாரும் அனுப்பவில்லை. இருக்கச் சொல்லி மாமியார் கையைப் பிடித்தாராம், வெள்ளையன் சொன்னார். நான் உறவ வெட்டிக்கினு போவல, எனக்குக் கொஞ்ச நாள் இங்க வாணாம் என்றாளாம். கோவிந்தன் அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போயிருக்கிறான். முதல் பொங்கல் ஊர்க்கவுண்டர் வீட்டுப் பானையில் பொங்கியது. அம்மன் தவலைக்கு என்ன செய்வது என்று வெள்ளையனைக் கேட்டேன். புதுசு எடுத்துத் தருகிறேன் என்றேன். "அத நாங்க பாத்துக்கறோம்" என்றார். முதல்முறையாக டாக்டரே என்று கூப்பிடவில்லை.

கச்சேரிக்கு வரவில்லை என்று மாஸ்டரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். வேனில் வந்து இறங்கியதுமே அவர் கிடாரை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டார், முகமெல்லாம் சிரிப்பு. அடேயப்பா, கம்பின்னா இது கம்பி, என்று முதுகில் ஒரு தட்டு.

நாலு மணி. ஜனம் எக்கச்சக்கம், மலையூர்கள் எல்லாவற்றிலிருந்தும். முதல் ரெண்டு பாட்டு எப்படிப் போனதென்றே தெரியாது, விரல் தானாக ஓடியது. இ கம்பியைத் தட்டினால் பலகை மேடை அதிர்கிறது. இவ்வளவு நன்றாக நான் வாசித்ததே இல்லை. வெட்கம்கெட்ட கம்பி.

முன்வரிசையில் தரையில் காசியம்மா. தனியாக. கை மடியில்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "இந்தச் சத்தத்தைக் கேட்டீங்களா? இந்த மலை ஜனங்களுக்காகவே நம்ம பேஸ் கிடார் தம்பி சொந்தமா மெட்ராஸ் போய், பார்த்துப் பார்த்து புதுக் கம்பி வாங்கி வந்திருக்காரு. ஒரு கை தட்டுங்க."

தட்டினார்கள். மைக் எனக்கு ரெண்டடி தூரம்தான்.

எழுந்து நின்று கும்பிட்டேன்.