குட்டியின் பாதுகாவலர்

9 ஜனவரி

அன்புள்ள தம்பிக்கு,

நானும் குட்டியும் சுகம். நீயும் உன் மனைவியும் அங்கே குளிரைத் தாங்கிக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் குட்டி என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறான். அவனுக்கு எவ்வளவு புரிகிறது என்று முப்பத்துநாலு வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் கடிதம்.

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. "குட்டி, மாடியில போய் டீச்சரைக் கூப்பிடுடா" என்றேன். ஆறடி ஆள் சம்மணம் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ. மாடி வீட்டு டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வரை மூன்று மணி நேரம் அப்படியே இருந்தோம். இடுப்பு வலி சரியாகிவிட்டது. நான் கண்ணைத் திறக்காமல் போயிருந்தால் அவன் எத்தனை நாள் அங்கேயே உட்கார்ந்திருப்பான் என்ற நினைப்புதான் போகமாட்டேன் என்கிறது.

வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். வீடு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் துணி மடித்துச் சேர்த்தது, எல்லாவற்றையும் குட்டிக்காக ஒரு அறக்கட்டளையில் போட்டுவிடலாமாம். யாரும் ஏமாற்றிப் பிடுங்க முடியாதாம். அந்தப் பேச்சு பத்து நிமிஷத்தில் முடிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரிம்மா, உங்களுக்கு அப்புறம் இவரைப் பாத்துக்கப்போறது யாரு?" என்று கேட்டார்.

உன்னைக் கேட்காமலேயே உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அவன் அப்பா வேறு குடும்பமாகிப் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா


30 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

விழுந்த அன்றே எனக்குச் சொல்லாததுதான் கோபம். மற்றபடி இதையெல்லாம் நீ கேட்கவும் வேண்டுமா? எங்களுக்கோ பிள்ளை இல்லை. அவன் எங்கள் பிள்ளை. இவளிடம் சொன்னேன், "அக்கா இதைப் போய்க் கேக்கணுமா?" என்றாள். பத்திரத்தை அனுப்பு. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

நானோ லிஃப்ட் மெக்கானிக், என் மருமகன் லிஃப்டில் ஏறப் பயப்படுகிறானே, அந்த மானக்கேட்டை மட்டும் பத்திரத்தில் சேர்த்துவிடாதே.

உன் தம்பி


17 பிப்ரவரி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். எத்தனை வருஷமாயிற்று அப்படித் தூங்கி!

சம்மதப் பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட மூன்று இடங்களில் கையெழுத்துப் போடு. கூடவே ஒரு நோட்டும் இருக்கிறது. குட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதியிருக்கிறேன். வலிப்பு மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைப்பான், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நீலத் தட்டு இல்லாவிட்டால் சாப்பிடமாட்டான். வாசல் கதவு திறந்திருந்தால் போய்விடுவான், திரும்பி வரத் தெரியாது. சவரம் செய்யும்போது கன்னத்தில் மூன்று தரம் தட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நாற்பது பக்கம் ஆகிவிட்டது. பயந்துவிடாதே, எழுதுவதற்குத்தான் நீளம்.

உன் அக்கா


26 ஏப்ரல்

அன்புள்ள தம்பிக்கு,

கவர் வந்து சேர்ந்ததா? போனில் நீ வேலை நெருக்கடி என்றாய், நானும் மேலே கேட்கவில்லை. வக்கீலம்மாவின் குமாஸ்தா இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். நான் அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. அவசரம்தான். கண்ணில் புரை முற்றிவிட்டது, இந்த வரிகளையே தடவித் தடவித்தான் எழுதுகிறேன். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டுமாம். அவனை விட்டுவிட்டு எங்கே படுப்பது? தள்ளிப்போட்டுவிட்டேன்.

உன் அக்கா


11 மே

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். பத்திரம் பத்திரமாகவே இருக்கிறது. ஆகஸ்டில் மூன்று வாரம் லீவு எடுத்திருக்கிறேன். வந்து உன் முன்னாலேயே கையெழுத்துப் போடுகிறேன். நீ ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடு. மாமனும் மருமகனும் இரண்டு நாள் சமாளிக்கமாட்டோமா?

உன் தம்பி


20 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே திரும்பி வந்து சேர்ந்து மூன்று வாரமாகிறது. இதை எழுத ஆரம்பிப்பதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், "சமர்த்தா இருந்தானா?" என்று கேட்டாய். "தங்கமா இருந்தான்" என்றேன். கையெழுத்தை இங்கே தூதரக முத்திரையோடுதான் போட வேண்டும் என்று சொல்லிப் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டும் பொய்.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. நோட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இரண்டாம் நாள் காலையில் உன்னைத் தேட ஆரம்பித்தான். "அம்மா எங்க?" "நாளைக்கு வருவாங்கடா." "அம்மா எங்க?" நாலு மணி நேரம், அக்கா. வேறு வார்த்தையே இல்லை. வாசல் கதவைப் பிடித்து உலுக்கினான். இழுத்தேன், என்னைத் தள்ளினான், முதுகு சுவரில் மோதியது. எழுந்து போய் அவனை ஓங்கி அறைந்துவிட்டேன். பிறகு அறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டேன்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். டீச்சர் எட்டிப் பார்த்து, "என்னங்க, ஏதாவது உதவி வேணுமா?" என்றார். "ஒண்ணுமில்லைங்க, டிவி சத்தம்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

சத்தம் அடங்கி வெகு நேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தேன். உடையெல்லாம் நனைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டான்.

என்னால் முடியாது, அக்கா. இவள் மேல் பழி போடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் இன்றைக்கும், "கூட்டிட்டு வந்துடலாம்ங்க, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இரண்டாம் நாள் தினமும் வந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

திட்டியாவது எழுது.

தம்பி


14 அக்டோபர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் இப்போது தெளிவாக இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் குட்டியின் கன்னத்தில் இருந்த தடத்தைப் பார்த்தேன். நீ சொல்வாய் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன்.

திட்ட எனக்கு வாயில்லை. நானும் அடித்திருக்கிறேன். அவனுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மழைநாளில் நானும் அந்த அறையைத் தாழ் போட்டிருக்கிறேன். நோட்டில் அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் உனக்கு உதவியிருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அன்று சாயங்காலமே நான்தான் அவனுக்கு ஊட்டிவிட்டேன். உன்னைப்போல் விட்டுவிட்டுப் போக எனக்கு டிக்கெட் இல்லை, அவ்வளவுதான்.

உன் மனைவி பார்த்துக்கொள்வாள் என்று ஒரு நாள் முழுக்க ஆசைப்பட்டேன். பிறகு விட்டுவிட்டேன். நீ உன்னைக் கண்டே பயப்படுகிற வீட்டுக்கு அவனை எப்படி அனுப்புவது?

இரண்டு இல்லங்களுக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் முப்பது வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை. இன்னொன்றில் வலிப்பு இருக்கிறவர்கள் கூடாது. டீச்சரைக் கேட்கலாமா என்று மாடிப்படி பாதி ஏறினேன். பாவம், அவருக்கு வயதான அம்மா இருக்கிறார். இறங்கி வந்துவிட்டேன்.

வக்கீலம்மா நல்ல மனுஷி. "பெயர் இல்லாட்டியும் மத்ததெல்லாம் செல்லும்மா. பின்னாடி கோர்ட் யாரையாவது போடும்" என்றார். "யாரைப் போடும்?" என்றேன். அவர் பத்திரத்தை என் பக்கம் தள்ளிவைத்தார். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். பாதுகாவலர் பெயர் என்ற இடத்தில் மட்டும் காலியாக விட்டேன். அப்படி விடக்கூடாதாம், பிற்பாடு யாராவது எதையாவது எழுதிவிடுவார்களாம். பேனாவை வாங்கி அந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு போட்டுவிட்டார். வீடும் பணமும் இனி பத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாயே, ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டதும் குட்டி எழுந்து அறைக்குள் போய் அவனாகவே கதவைச் சாத்திக்கொண்டான். அதனால்தான் பேச்சை முடித்துவிட்டேன், வேறு கோபம் இல்லை.

அடுத்த லீவில் கட்டாயம் வா. ஆனால் வீட்டுக்கு வேண்டாம், ஏதாவது ஓட்டலில் தங்கிக்கொள். நான் வந்து உன்னைப் பார்க்கிறேன். அந்த ஒரு மணி நேரம் அவனை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்றுதான் தெரியவில்லை.

உன் அக்கா